திரும்பி வந்த கடிதம்: அசோகமித்திரனின் 'புலிக்கலைஞ'னும் வேலைக்குக் காத்திருப்போரும்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்பது பழமொழி. அந்த லட்சணம் வந்து சேரும்வரை ஒருவன் என்ன செய்வது, எப்படி இருப்பது என்பதைப் பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. படித்து முடித்த நாளுக்கும் பணியில் சேரும் நாளுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் அந்த வெற்று வெளியை நம் எழுத்தாளர்களும் அதிகம் எட்டிப் பார்த்ததில்லை. வேலையில்லாமையின் வறுமையை எழுதினார்கள்; வேலை கிடைத்தபின் வரும் சலிப்பையும் எழுதினார்கள். விண்ணப்பித்தாயிற்று, தேர்வு எழுதியாயிற்று, நேர்முகத் தேர்வுக்கும் போய் வந்தாயிற்று, இனிப் பதில் வரவேண்டும் என்ற நிலையில் மாதங்களும் ஆண்டுகளும் கழிவதை எழுதியவர் சிலரே. அச்சிலருள் அசோகமித்திரனுக்குத் தனியிடம் உண்டு. அவருடைய 'புலிக்கலைஞன்' என்னும் சிறுகதையை இக்கோணத்திலிருந்து அணுகிப் பார்ப்பதே நம் நோக்கம்.

நாம் இதனை எழுதுவது மூலக்குளத்திலிருந்து. காலை எட்டு மணிக்கு வில்லியனூர்ச் சாலையோரம் நின்றால் போதும். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைகளை நோக்கி இருசக்கர வண்டிகள் விரைவதைக் காணலாம். வண்டிகள் ஓய்ந்தபின் தெருக்களில் தங்கிவிடுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவர்களும் தம்மைப் பார்க்க விடுவதில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில் பெரியவர்கள் வாஞ்சையோடுதான் கேட்கிறார்கள்: "என்ன தம்பி, ஏதாவது ஆச்சா?" இந்தக் கேள்விக்கு அஞ்சியே பின்வாசல் வழியாக வெளியேறும் இளைஞர்களை நாம் அறிவோம்.

புதுவை ஒரு காலத்தில் ஆலைச் சங்கொலி கேட்டு விழித்த ஊர். 1936 சூலை 30 அன்று பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாகி எட்டு மணி நேர வேலை என்னும் உரிமைக்கு வழி திறந்த ஊர். அந்த ஆலைகளுள் எஞ்சி நின்ற ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆகியவை 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆலை வாயிலில் நின்று வேலை கேட்ட பாட்டனுக்கு அன்று மாலைக்குள் உண்டு அல்லது இல்லை என்ற விடை கிடைத்தது. பேரனோ கணினித் திரையின் முன் அமர்ந்து விண்ணப்பத்தை அனுப்புகிறான். விண்ணப்பம் பெறப்பட்டது என்று ஓர் இயந்திரம் உடனே நன்றி சொல்கிறது. அதன்பின் மனிதக் குரல் எதுவும் அவன் காதில் விழுவதில்லை.

இந்நிலையில்தான் ஒரு ஞாயிறு மாலை நண்பர் ஒருவரின் வீட்டில் பத்துப் பேர் கூடி 'புலிக்கலைஞ'னை உரக்க வாசித்தோம். நம்மோடு ஓர் இளம்பெண் இருந்தார். மூன்று சுற்று நேர்காணல் முடிந்து ஏழு மாதங்களாகப் பதிலுக்குக் காத்திருப்பவர். வாசிப்பு முடிந்ததும் அவர் கேட்ட ஒரு கேள்வி இக்கட்டுரை முழுவதையும் எழுத வைத்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

கதை

அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், 2017இல் மறைந்தவர். 'அப்பாவின் சிநேகிதர்' நூலுக்காக 1996இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர். 1952 முதல் பதினான்கு ஆண்டுகள் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றியவர். அவ்வனுபவத்தின் ஈரம் காயாத கதை இது.

ஒரு சினிமா ஸ்டூடியோவின் கதை இலாகா. படம் எதுவும் எடுக்கப்படாத காலம். வேலையின்றி, ஆயினும் பணியில், சிலர் அமர்ந்திருக்கிறார்கள். மதிய இடைவேளையை ஒட்டி ஒருவன் வருகிறான். துணை நடிகர்களை அழைத்து வரும் ஏஜெண்டின் பெயரைச் சொல்லி, ஏதாவது வேடம் கிடைக்குமா என்று கேட்கிறான். பெயர் காதர், 'டகர் பாயிட் காதர்' என்றால் தெரியும் என்கிறான். புலிவேடம் கட்டுவது அவன் வித்தை. அலுவலகத்தாருக்கு அவனை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை. போகச் சொல்வதற்குள் அவன் புலியின் முகத்தைத் தன் முகத்தின்மேல் மாட்டிக்கொள்கிறான். அடுத்த கணம் அவ்வறையில் மனிதன் இல்லை. புலி ஒன்று நிற்கிறது. அது பாய்கிறது, பதுங்குகிறது, எட்டாத உயரத்துக்குத் தாவுகிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் மூச்சடைத்துப் போகிறார்கள்.

வேடம் கலைந்ததும் மீண்டும் பசித்த மனிதன். வீட்டில் எல்லாரும் பட்டினி என்கிறான். வெறுங்கையோடு வீட்டுக்குள் வரவேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள் என்று அழுகிறான். கதை இலாகாவைச் சேர்ந்த சர்மா உள்ளம் இளகி, அவன் சாப்பிட ஏற்பாடு செய்கிறார். இப்போது ஒன்றுமில்லை, பார்க்கலாம் என்ற சொல்லோடு அவன் போய்விடுகிறான்.

சில நாள்களில் ஒரு படத்துக்கான பேச்சு தொடங்குகிறது. அதில் புலிவேடக் காட்சி ஒன்றை அமைக்கலாம் என்று முடிவாகிறது. காதருக்குக் கடிதம் போகிறது. அது திரும்பி வந்துவிடுகிறது. அவ்விலாசத்தில் அவன் இல்லை. தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. இதற்குள் வேறொரு படம் வெளிவந்து இவர்களது காட்சிக்கே தேவையில்லாமற் செய்துவிடுகிறது. இனிக் காதர் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். கதை இவ்வளவே.

சொல்பவர் யார்?

இக்கதையைப் படித்தோர் அனைவரும் புலியாட்டத்தின் வருணனையைப் புகழ்வர். அது புகழுக்குரியதே. ஆயினும் கதையின் உயிர் வேறோர் இடத்தில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். இதனைச் சொல்பவன் காதர் அல்லன்; மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவன். வேலை கேட்பவனின் கதை, வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவனின் வாயால் சொல்லப்படுகிறது. வேலையில்லாமை பற்றிய தமிழ்ப் படைப்புகளில் இது அரிய தேர்வு.

இத்தேர்வினால் கதைக்கு வில்லன் இல்லாமற் போகிறான். சர்மா கொடியவர் அல்லர், பசித்தவனுக்குச் சோறிடுகிறார், கடிதம் போடச் செய்கிறார், தேடவும் செய்கிறார். அந்த அறையிலிருந்தோர் எவரும் காதரை இழிவாக நடத்தவில்லை. அவர்களும் தம் நாற்காலி எத்தனை நாளைக்கு என்று அறியாதவர்கள். எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் ஒரு மனிதன் கைநழுவிப் போகிறான். யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் வாசகர் புத்தகத்தை மூடும்போது, கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. இவர்களால் அவனுக்கு இரக்கத்தைத் தர முடிந்தது. உரிய காலத்தில் ஒரு விடையைத் தர முடியவில்லை. இரக்கம் விடைக்கு ஈடாகுமா?

இதனினும் நுட்பமான இடம் ஒன்றுண்டு. நம்மோடு வாசித்த இளம்பெண் கேட்ட கேள்வி இதுதான்: "அப்படியானால் காதர் தேர்வாகிவிட்டான், இல்லையா? அது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதானே?"

அவர் கேட்டபின் நாம் கதையைப் புதிதாகப் பார்த்தோம். உண்மைதான். காதர் நிராகரிக்கப்படவில்லை. அவனுடைய புலி அந்த அறையில் இருந்தவர்களின் நெஞ்சில் பாய்ந்து நின்றுவிட்டது. அவனை மனத்தில் வைத்தே ஒரு காட்சி உருவாகிறது. அவன் பெயருக்குக் கடிதமே எழுதப்படுகிறது. ஆனால் எங்கோ ஒரு திண்ணையில் பசியோடு படுத்திருக்கும் காதர் தன்னை எவரும் வேண்டவில்லை என்றே எண்ணியிருப்பான். கோப்பு ஒன்று சொல்கிறது. அவன் மனம் வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே மௌனம் நிற்கிறது.

நெடுங்காலம் காத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த மௌனத்தைத் தமக்கு எதிரான தீர்ப்பாகவே படிக்கிறார்கள். பதில் வரவில்லை, ஆகவே நான் தகுதியற்றவன் என்று முடிவு கட்டுகிறார்கள். அசோகமித்திரன் ஆறுதல் சொல்லும் எழுத்தாளர் அல்லர். ஆயினும் அவர் கதையிலிருந்து நாம் பெறும் ஆறுதல் திடமானது. மௌனம் என்பது மௌனம் மட்டுமே. அது நம் தகுதியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. காதரின் புலி கடிதம் எழுதப்படுமுன்னரே முழுமையான புலி. கடிதம் திரும்பி வந்த பின்னும் அது முழுமையான புலிதான்.

வேறு மூன்று காத்திருப்புகள்

ஒப்பிட்டுப் பார்த்தால் இக்கதையின் அருமை மேலும் விளங்கும். 1980இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' நம்மவர் நினைவில் நீங்காத படம். தில்லியில் வேலை தேடும் தமிழ் இளைஞர்கள். தத்துவம் படித்த, பாரதியை நெஞ்சில் சுமக்கும் ரங்கன். உணவில்லாத வேளையில் உண்பதுபோல் நடிக்கும் காட்சியைப் பார்த்துக் கண்கலங்காதார் இல்லை. ஆயினும் இப்படத்தில் காத்திருப்பு என்பது பெரும்பாலும் கோபத்தின் முன்னுரையாகவே வருகிறது. நேர்முகத் தேர்வறை, இளைஞன் சமுதாயத்தைச் சாடுவதற்கான மேடையாகிறது. உண்மையில் தேர்வறையில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. பேசாமல் விழுங்கிக்கொண்டு வீடு திரும்பி, இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று இரவெல்லாம் புரளுகிறார்கள். இயக்குநர் நமக்காக அந்தக் கோபத்தைப் பேசிவிடுகிறார், கைதட்டி ஆறிவிடுகிறோம்.

முடிவில் ரங்கன் முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். தேடி வந்த தந்தை மகனை அங்கே கண்டு கொள்கிறார். எத்தொழிலும் இழிவன்று என்ற படிப்பினை நல்லதே. ஆனால் ஒரு ஐயம். அத்தொழிலைக் கடைசிப் படியாக, தியாகமாகக் காட்டினால்தானே அப்படிப்பினை பார்ப்போரைத் தைக்கும்? அத்தொழிலையே பரம்பரையாகச் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் அதே திரையரங்கில் அமர்ந்து பார்க்கையில் அவனுக்கு அப்படம் என்ன சொல்லியிருக்கும்? அவனும் ஒரு பட்டம் பெற்று, வேறொரு வேலைக்குக் காத்திருந்திருக்கலாம் அல்லவா? படம் இவ்விடத்தில் நின்று யோசிக்கவில்லை.

சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி' (1970) இன்னும் அருகில் வருகிறது. சுனில் கங்கோபாத்யாயின் நாவலைத் தழுவிய படம். தந்தையின் மறைவால் மருத்துவப் படிப்பைக் கைவிட்ட சித்தார்த்தன் கல்கத்தாவில் வேலை தேடுகிறான். கடந்த பத்தாண்டுகளின் மிக முக்கியமான நிகழ்ச்சி எது என்று தேர்வாளர் கேட்கிறார். மனிதன் நிலவில் கால் வைத்ததைச் சொல்லாமல் வியட்நாம் மக்களின் போராட்டத்தைச் சொல்கிறான். வேலை போயிற்று. படத்தின் இறுதியில் ஒரு தாழ்வாரம் வருகிறது. புழுக்கம், போதிய நாற்காலிகள் இல்லை, ஒருவர் மயங்கி விழுகிறார். காத்து நிற்போர் அனைவரும் அவன் கண்ணுக்கு எலும்புக்கூடுகளாகத் தெரிகிறார்கள். நேர்காணலைவிடத் தாழ்வாரமே கொடியது என்பதைக் கண்ட கலைஞர் ராய். சித்தார்த்தன் பொறுமையிழந்து உள்ளே பாய்கிறான், மேசைகளைப் புரட்டுகிறான், பின்னர் கல்கத்தாவை விட்டு ஒரு சிற்றூருக்கு விற்பனைப் பிரதிநிதியாகப் போகிறான். அக்கோபம் ரங்கனின் வசனத்தைவிட உண்மையானது. ஏனெனில் அதனால் எதுவும் மாறுவதில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை.

மூன்றாவது, இத்தாலிய இயக்குநர் எர்மான்னோ ஓல்மியின் 'இல் போஸ்தோ' (1961). 'அந்த வேலை' என்று பெயர்க்கலாம். ஓல்மியின் பிற்காலப் படமான 'மரச்செருப்பு மரம்' 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த நாற்பத்தைந்து படங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே நம் வாசகர் சிலருக்கு அவர் பெயர் புதிதன்று. மிலான் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து தோமெனிக்கோ என்னும் இளைஞன் பெரிய நிறுவனமொன்றின் தேர்வுக்குப் போகிறான். ஒரே ஒரு கணக்கு. பிறகு உட்கார்ந்து எழும் உடற்பயிற்சி. பிறகு விந்தையான சில கேள்விகள். தேர்வின் இடைவேளையில் தன்னைப் போலவே வந்த ஒரு பெண்ணோடு காப்பி அருந்துகிறான். வேலை கிடைக்கிறது, முதலில் ஏவலாளாக. எழுத்தர் ஒருவர் இறந்ததும் அவருடைய இடம் காலியாகிறது. அறையிலுள்ளோர் ஒவ்வொருவராக முன்வரிசைக்கு நகர, கடைசி மேசை இவனுக்கு வருகிறது. படி எடுக்கும் இயந்திரத்தின் ஓயாத ஒலியோடு படம் முடிகிறது. வாழ்நாள் முழுமைக்குமான வேலை!

காத்திருப்போரின் மனத்தில் வேலை என்பது மோட்சம்போல் உருக்கொள்கிறது. கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அந்த மயக்கத்தை ஓல்மி மெல்லக் கலைக்கிறார். ஆனால் எள்ளி நகையாடவில்லை. காப்பிக் கடையில் அவ்விருவரும் சிரித்த சிரிப்பே படத்தின் ஒளி. அது வேலை கிடைத்த பின்னர் நிகழ்ந்ததன்று. காத்திருந்த ஒரு மதிய வேளையில் நிகழ்ந்தது. காத்திருக்கும் காலமும் வாழ்நாளில் சேர்ந்ததே. அதனைக் கழித்துக் கணக்கிட முடியாது என்று ஓல்மி நமக்குச் சொல்வதாகக் கொள்ளலாம்.

குறை ஒன்று

'புலிக்கலைஞன்' குறையற்ற கதையா? நம் வாசிப்பில் மூத்த பெண்மணி ஒருவர் மறுத்தார். "அந்தப் பெண்சாதியை அவன் வாயால் மட்டுந்தானே கேட்கிறோம்? வீட்டுக்குள் வராதே என்று சொன்னவள் அதைச் சொல்லுமுன் எத்தனை நாள் அடுப்பு மூட்டாமல் இருந்தாளோ! அவள் ஏன் கதையில் இல்லை?" என்றார்.

நியாயமான கேள்வி. காத்திருப்பவன் தனியே காத்திருப்பதில்லை. ஒரு குடும்பமே காத்திருக்கிறது. அஞ்சற்காரரின் மணியோசைக்குச் செவி சாய்த்த தாய்மார் அன்று. கைப்பேசி ஒலித்தால் மகனின் முகத்தைப் பார்க்கும் தாய்மார் இன்று. வீட்டில் எழும் சிறு பூசல்கள் பலவற்றுக்கு வேர் இக்காத்திருப்பே. அலுவலகச் சாளரத்தின் வழியே மட்டும் பார்ப்பது என்று ஆசிரியர் வகுத்துக்கொண்ட எல்லை இதனை வெளியே நிறுத்திவிடுகிறது. அவ்வெல்லையே கதையின் வலிமை என்று நாம் மேலே சொன்னோம். அதுவே அதன் குறையும் ஆகும் என்பதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. அந்த மனைவியின் கதையை இன்னும் எவரேனும் எழுதத்தான் வேண்டும்.

பொறுத்தார் பூமி ஆள்வாரா?

இது ஏதோ பழைய ஸ்டூடியோக் கதை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். புதுவையில் 2018இல் அறிவிக்கப்பட்ட காவலர் பணியிடங்களுக்கு உடற்தகுதித் தேர்வு 2022 சனவரியில்தான் நடைபெற்றது. ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் நான்கு ஆண்டுகள் உடலைப் பேணிவைப்பது எளிய செயலன்று. இருபத்திரண்டு வயதினனுக்கு அதற்குள் இருபத்தாறு ஆகிவிடும். தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியோர் பணிக்குக் காத்திருந்தனர். 2018இல் வெளியான அரசாணையோ, தகுதித் தேர்வு போதாது, நியமனத்துக்கு மற்றொரு போட்டித் தேர்வும் எழுதவேண்டும் என்றது. தேறியவர்களே மீண்டும் தேற வேண்டியவர்கள் ஆயினர். தனியார் துறை மட்டும் விதிவிலக்கா? 2022இல் கல்லூரி வளாகத்திலேயே தேர்வு செய்து, பணி ஆணையும் கொடுத்து, சேரும் நாளை மட்டும் சொல்லாமல் ஈராண்டு இழுத்தடித்த மென்பொருள் நிறுவனங்களைப் பற்றி நாளிதழ்களில் படித்தோம்.

நீதிமன்றத்தின் வாயிலிலும் இதே காத்திருப்பு. தேர்வு நடைமுறை தொடங்கிவிட்ட பின், அதற்கென விதியில் இடமில்லாதபோது, நடுவழியில் நிபந்தனைகளை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 7 அன்று தெளிவுபடுத்தியது. பாராட்டத்தக்க தீர்ப்பு. அதற்கு அடிப்படையான வழக்கோ இராசத்தான் உயர் நீதிமன்றத்தில் பதின்மூன்று மொழிபெயர்ப்பாளர் பணியிடங்களுக்கு 2009இல் நடந்த தேர்வைப் பற்றியது. ஒரு கேள்விக்கு விடை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள்! தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டதனாலேயே நியமனம் பெறும் உரிமை எவருக்கும் வந்துவிடாது என்பதும் 1991இலேயே அந்நீதிமன்றம் உறுதிசெய்த சட்டம்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இளைஞர்களுக்கு அறிவுரை கூறுவது எளிது. ஆனால் பொறுப்பதற்கும் முதல் வேண்டும். தந்தைக்கு ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளவன் மூன்றாண்டு பொறுப்பான். வாடகை வீட்டில் இரு தங்கைகளோடு இருப்பவன் மூன்று மாதத்தில் கிடைத்த வேலைக்குப் போய்விடுவான். அழைப்பு வரும்போது அவன் அங்கு இருக்கமாட்டான். காதர் அந்த விலாசத்தில் ஏன் இல்லை? கதை காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. பசித்தவர்களின் விலாசம் நிலையாக இராது. தேர்வு முறை நீள நீள, அது திறமையைத் தேர்வதை விட்டுவிட்டுக் காத்திருக்க வசதியுள்ளவர்களைத் தேர்கிறது. திறமையான புலி வெளியே போய்விடுகிறது. வசதியான பூனை உள்ளே வந்துவிடுகிறது.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி 1981 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுமடலில் வேலையின்மையை எந்நிலையிலும் தீமை என்றே குறிப்பிடுகிறார். தக்க பயிற்சி பெற்றும் வேலை கிடைக்காத இளைஞரின் வேதனையைத் தனித்துச் சுட்டுகிறார். வேலை தருபவர் மட்டுமன்றி, வேலைச் சூழலை வகுக்கும் அரசும் அமைப்புகளும் மறைமுகமாக வேலை தருவோரே. அவர்களுக்கும் பொறுப்புண்டு என்கிறார். காத்திருப்பின் நீளத்தை முடிவு செய்வோரும் இந்தக் கணக்கில் அடங்குவர் என்பதில் ஐயமில்லை.

ஆள் இல்லை

நம் ஊரின் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலும் ஒரு குளம் வருகிறது. அதன் மண்டபங்களில் நோயுற்றோர் பலர் தண்ணீர் கலங்கும் நேரத்துக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயில் வாடிய ஒருவன், தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறான். அவன் போவதற்குள் வேறொருவர் முந்திவிடுகிறார். வேலை தேடும் நம் பிள்ளைகள் சொல்வதும் இதே சொல்தான்: "எனக்கு ஆள் இல்லை." ஏஜெண்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு காதர் உள்ளே நுழைந்ததும், தனக்கும் ஓர் ஆள் உண்டு என்று காட்டத்தான்.

ஆள் என்றால் சிபாரிசு செய்பவர் என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை. தண்ணீர் எப்போது கலங்கும் என்று உடனிருந்து பார்ப்பவரும் ஆள்தான். அறிவிப்பைக் கண்டு தகவல் சொல்பவர், விண்ணப்பத்தை ஒருமுறை படித்துத் திருத்தித் தருபவர், வெளியூர்த் தேர்வுக்குப் போகையில் தங்க இடம் தருபவர், ஏதாவது ஆச்சா என்று கேட்பதை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பவர், இவர்கள் எல்லாரும் ஆள்களே. காதருக்கு அப்படி ஒருவர் இருந்து, "அவன் இப்போது இன்ன இடத்தில் இருக்கிறான்" என்று அஞ்சற்காரரிடம் சொல்லியிருந்தால் கடிதம் திரும்பியிராது. ஒருவனது விலாசம் என்பது அவனை அறிந்தவர்கள்தாம்.

காத்திருக்கும் இளைஞருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கிடைத்த சிறு வேலையைச் செய்க. சித்தார்த்தனும் ரங்கனும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் வித்தையைக் கைவிடாதீர்கள். பையில் புலிமுகம் இருக்கட்டும். பின்வாசல் வழியாகப் போகாதீர்கள். மறைந்து வாழ்வோரைத் தேடிவரும் கடிதம் திரும்பித்தான் போகும்.

இனி, நம்முள் நாற்காலியில் அமர்ந்திருப்போருக்கு ஒரு சொல். இவ்விதழைப் படிப்போரில் பள்ளிகளையும் கடைகளையும் பட்டறைகளையும் நடத்துவோர் உண்டு. அலுவலகங்களில் கோப்புகளைக் கையாள்வோர் உண்டு. நாம் எவரும் கொடியவர் அல்லோம். சர்மாவைப்போல் இளகிய மனத்தினரே. ஆயினும் நம் மேசையில் பதில் எழுதப்படாத விண்ணப்பம் ஒன்றேனும் இருக்கக்கூடும். வேலை இல்லையென்றால் இல்லை என்று இரண்டு வரி எழுதுவதற்குப் பெரிய மனம் தேவையில்லை. ஒரு மாலை நேரம் போதும். 'இல்லை' என்ற சொல்லைப் பெற்றவன் அழுதுவிட்டு அடுத்த வாசலுக்குப் போவான். எதுவும் பெறாதவன் நம் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான்.

அன்று வாசிப்பு முடிந்து எழுந்தபோது இருட்டிவிட்டது. ஏழு மாதமாகக் காத்திருக்கும் அப்பெண் தன் கைப்பேசியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். அடுத்த மாதம் என்ன கதை வாசிக்கலாம் என்று கேட்டார். தாமே ஒன்றைத் தேர்ந்து வரும்படி சொன்னோம். இதுவரை அவருக்கு அந்நிறுவனத்திடமிருந்து பதில் வரவில்லை. கதையை மட்டும் தேர்ந்துவிட்டார்.